மலைப் பசளையும் கடல் மீனும்

உணவு உயிரை வளர்ப்பது என்பதை யாவரும் அறிவர். அவ்வுணவே அளவு கடந்தால் உயிருக்கு ஊறாகும் என்பதையும் நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று பாட்டிமார் சொல்லக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அம்மூதுரை மனிதரின் வயிற்றுக்கு மட்டும் உரியதன்று. கரைகாணாத கடலுக்கும் அது பொருந்தும். உணவு மிகுந்துவிட்டமையாற் கடலின் சில பகுதிகள் மூச்சடைத்து மாள்கின்றன என்றால் வாசகர் வியப்புறுவர். அவ்வியப்பின் காரணத்தை ஆராய்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

'கந்தப்பளையில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவானேன்?' எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. 6,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது இவ்வூர். பனிமூட்டம் விலகும் முன்னரே கொழுந்துக்கூடையோடு மலையேறுவோரும், கரட்டுப் பாத்தியிற் களையெடுப்போரும் வாழும் ஊர். எம் மாணவருட் கடலைப் படத்திலன்றி நேரிற் காணாதவர் பலர். ஆயினும் கடலோடு எமக்குள்ள உறவு நெருங்கியது. திருகோணமலையிலும் மன்னாரிலும் காய்ந்த கருவாடு மலையேறி வந்து எம் அடுப்பிற் கொதிக்கிறது. தோட்டத்துக் குழந்தைக்கு மலிவாகக் கிடைக்கும் புரதம் பெரும்பாலும் அந்த நெத்தலியிலும் சாளையிலுமே இருக்கிறது. கடல் எமக்கு மீனை அனுப்புகிறது. நாமோ கடலுக்கு நீரை அனுப்புகிறோம். அந்நீரோடு கலந்து வேறென்ன அனுப்புகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒரு துளியின் பயணம்

எம் மலைகளிற் பெய்யும் மழை ஓடைகளாக இறங்குகிறது. கிழக்கே சரிவனவற்றுட் பல உமா ஓயா முதலிய கிளையாறுகளைச் சேர்கின்றன. நுவரெலியாவின் மறுபுறம் சரிவன நானு ஓயா வழியாகக் கொத்மலையை அடைகின்றன. எத்திசையிற் சரியினும் இவற்றின் பெரும்பகுதி ஈற்றில் மகாவலியிற் கலப்பதே இயற்கையின் ஒழுங்கு. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி இலங்கையின் மிக நீண்ட ஆறு. தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீர் அதிற் சேர்கிறது. பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்னும் அணைகளைக் கடந்து, வரண்ட சமவெளியை நனைத்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் அது கடலோடு கூடுகிறது. 2024ஆம் ஆண்டு தொடக்கம் உமா ஓயாவின் நீரில் ஒரு பகுதி சுரங்கவழியாகத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பப்படுகிறது. வடகிழக்கே போயினும் தெற்கே போயினும் முடிவிடம் கடலே.

நீர் தனியே பயணம் செய்வதில்லை. மரக்கறித் தோட்டத்தில் யூரியாவையும் கோழியெருவையும் இட்ட மறுநாள் பெருமழை பெய்தால் நேர்வது யாது? பசளையிலுள்ள நைதரசன் நீரில் எளிதிற் கரைவது. தெளிந்து ஓடும் நீரிலும் அது கண்ணுக்குப் புலப்படாமற் செல்லும். மண்ணினூடே கசிந்து ஊற்றுகளையும் கிணறுகளையும் சேரும். பொசுபரசு அத்தன்மையதன்று. அது மண்துகளைப் பற்றிக்கொள்வது. மண் அரித்துச் சென்றாலன்றிப் பெரிதும் அகலாது. ஆகவே சிவந்து கலங்கி ஓடும் ஓடை பொசுபரசைச் சுமந்து ஓடுகிறது என்று கொள்ளலாம். நுவரெலியாப் பகுதியின் மரக்கறி நிலங்களிற் பல்லாண்டாக இட்ட பசளையினாற் பயிருக்குத் தேவையானதற்கு மேலாகவே பொசுபரசு திரண்டுள்ளது என்பது மண்ணாய்வாளர் பலகாலும் எடுத்துரைத்த செய்தி.

இந்த ஊட்டப்பொருள்களைத் தோட்டக்காரர் மட்டும் ஆற்றில் விடுகின்றனர் என்று எண்ணுவது தவறு. நகரத்தின் சாக்கடைநீர், விடுதிகளின் கழிவு, தேயிலைமலைக்கு இடும் பசளை, முறையான மலகூட வசதி இன்னும் கிட்டாத லயங்களின் கழிவுநீர் ஆகிய அனைத்திலும் நைதரசனும் பொசுபரசும் உண்டு. பெருகி வரும் ஆற்றில் எவர் வீட்டுத் துளி எது என்று பிரித்தறிவார் யார்?

நீரும் மூச்சுவிடுமோ?

மீனுக்கு மூச்சு உண்டு. நாம் நுகரும் அதே பிராணவாயுவையே அதுவும் நுகர்கிறது. நீரிற் கரைந்துள்ள வாயுவைச் செவுள்களாற் பிரித்தெடுக்கிறது. ஆனால் மீன் ஏழை, நாம் செல்வர். ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்க, எமது வெப்பவலயத்துக் கடல்நீர் ஒரு லீற்றரிற் சற்றேறக்குறைய 6 மில்லிகிராமே கரைந்திருக்கும். எமக்குள்ளதில் நாற்பதில் ஒரு பங்கைக் கொண்டு அவ்வுயிர்கள் வாழ்கின்றன. நீர் சூடேறச் சூடேற அதுவும் குறையும். லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், நீந்தவல்ல மீன்கள் அவ்விடத்தை விட்டு ஓடும். ஓடமாட்டாத நண்டு, மட்டி, புழு முதலியன மாளும். அத்தகைய நீர்ப்பரப்பையே விஞ்ஞானிகள் 'இறந்த வலயம்' என்று வழங்குவர்.

இனி, பசளை எவ்வாறு பிராணவாயுவைக் குடிக்கிறது என்பதைக் காண்போம். உண்மையிற் பசளை எதனையும் குடிப்பதில்லை. அது கடலிலும் தன் தொழிலையே செய்கிறது; பயிரை வளர்க்கிறது. அங்குள்ள பயிர் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. நிலத்திற் கரட்டுக்கும் கோவாவுக்கும் ஊட்டமாவது நீரிற் பாசிக்கு ஊட்டமாகிறது. பட்டினியாற் கட்டுண்டு கிடந்த பாசி திடீரென விருந்து கிடைத்ததும் சில நாளிற் பல்கிப் பெருகி, நீரைப் பச்சையாகவும் சில வேளை செந்நிறமாகவும் மாற்றுகிறது. பகலில் அப்பாசியும் பிராணவாயுவை வெளிவிடுவதே. இதுவரை தீங்கில்லை எனத் தோன்றும்.

தீங்கு பாசியின் வாழ்விலன்று, சாவில் இருக்கிறது. பாசியின் ஆயுள் சில நாட்களே. உண்பார் உண்டு எஞ்சியது மடிந்து, மெல்ல அடித்தளத்தில் விழுகிறது. ஆங்கே பற்றீரியாக்கள் அதனை அழுகச் செய்கின்றன. அழுகல் என்பது ஒருவகை எரிதல். எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். குவிந்த பாசி எவ்வளவோ அவ்வளவுக்கு அடிநீரின் பிராணவாயு செலவாகிறது.

மாணவர் இதனைக் கணக்காகவும் செய்து பார்க்கலாம். ஒரு கிலோ நைதரசனைக் கொண்டு வளரும் கடற்பாசி முழுதும் அழுகுவதற்கு ஏறத்தாழ 20 கிலோ பிராணவாயு வேண்டும். 50 கிலோ யூரியா மூடையில் நூற்றுக்கு 46 பங்கு, அதாவது 23 கிலோ நைதரசன் உண்டு. அம்மூடை முழுதும் கடலைச் சேர்ந்து பாசியாகிவிட்டதென வைத்துக்கொள்வோம். 23ஐ 20ஆற் பெருக்க 460 கிலோ வருகிறது. ஒரு கனமீற்றர் கடல்நீரில் இருப்பதோ 6 கிராம். ஆகவே ஏறத்தாழ 76,000 கனமீற்றர் கடல்நீரின் மூச்சு முழுவதையும் அடக்கவல்ல ஆற்றல் ஒரேயொரு மூடைக்குள் அடங்கியிருக்கிறது. 10 மீற்றர் ஆழமும் ஏறத்தாழ 2 ஏக்கர் பரப்பும் உள்ள நீர்நிலையைக் கற்பனை செய்க; அவ்வளவு நீர் அது. மூடை முழுதும் கடலைச் சேர்வதில்லை என்பது மெய்யே. பயிர் ஒரு பங்கை எடுக்கும். ஒரு பங்கு காற்றிற் கலக்கும். வழியிலுள்ள சதுப்பும் குளமும் ஒரு பங்கைத் தடுக்கும். ஆயினும் ஓராற்றின் கரையில் இடப்படும் மூடைகள் எத்தனை இலட்சம் என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

கடலின்மேல் ஒரு மூடி

'காற்று வீசுகிறது, அலை அடிக்கிறது. இழந்த பிராணவாயுவைக் கடல் திரும்பப் பெறாதோ?' என்று கூர்மதியுள்ள மாணவர் கேட்பர். பெறும், தடையொன்று இல்லாவிடின். ஆற்றிலிருந்து வரும் நன்னீர் உப்பு அற்றது, ஆதலின் இலேசானது. அது கனத்த உவர்நீரின்மேல் விரிந்து படர்கிறது. வெயில் அந்த மேல்நீரைச் சூடாக்கி மேலும் இலேசாக்குகிறது. சட்டிக்கு மூடியிட்டாற்போல மேல்நீர் அடிநீரை மூடிவிடுகிறது. காற்றிலிருந்து கரையும் பிராணவாயு மூடிக்கு மேலேயே நின்றுவிட, கீழே இருப்பது செலவாகிக்கொண்டே போகிறது. வரவில்லாத வீட்டிற் செலவு மட்டும் நடந்தால் என்னாகும்? பலத்த காற்று எழுந்து மூடியைக் கலைக்கும்வரை அந்நிலை நீடிக்கும்.

இதனினும் கொடியது பின்வருவது. பிராணவாயு முற்றும் அற்ற சேற்றில் வேறுவகைப் பற்றீரியாக்கள் தொழிற்படுகின்றன. அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவாயு எழுகிறது. அச்சேற்றில் இதுவரை அடைபட்டுக் கிடந்த பொசுபரசும் கரைந்து மீண்டும் நீரை அடைகிறது. மீண்டும் பாசிக்கு விருந்தாகிறது. பட்ட கடனுக்கு வட்டி ஏறி, அவ்வட்டியே முதலாகி வளர்வது போன்றது இந்நிலை. ஆகவேதான், மேலிருந்து வரும் ஊட்டத்தைக் குறைத்த பின்னரும் இத்தகைய நீர்நிலைகள் தேறுவதற்குப் பல்லாண்டு செல்கிறது.

அருகிற் கண்டவை

இவை தூரதேசத்துக் கதைகள் என்று ஒதுக்கற்க. மலையிலிருந்து புறப்பட்ட ஊட்டம் கடலை அடையுமுன்னர் எம் நீர்த்தேக்கங்களையே முதலில் தாக்குகிறது. நுவரெலியாவின் நீரை ஏந்தும் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் நீலப்பச்சைப்பாசி பெருகிப் படர்ந்தது. 1999ஆம் ஆண்டு கண்டி வாவியிலும் அவ்வினமே பெருகியது. அப்பாசியிற் சில வகை ஈரலைத் தாக்கும் நஞ்சை வெளிவிடுவன. கண்டி வாவி நகரின் அழகுக்கு இருப்பது. கொத்மலை நீரோ மின்சாரமாகி, ஆறாகி, வழியிலுள்ள ஊர்களின் குடிநீருமாகிறது. இங்கு மாணவர் குறித்துக்கொள்ளத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. நன்னீரில் பாசியின் பெருக்கத்தைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பொசுபரசு. கடலிற் பெரும்பாலும் நைதரசன். ஆகவே குளத்தைக் காக்க ஒன்றையும் கடலைக் காக்க மற்றொன்றையும் மட்டும் குறைத்தாற் போதாது, இரண்டையும் குறைக்கவேண்டும்.

கடலிலும் அருகிலேயே ஒரு சான்று கிடைத்தது. 2019ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலவொளி வீசின. மக்கள் திரண்டு சென்று கண்டு களித்தனர். நொக்திலூக்கா என்னும் நுண்ணுயிரின் ஒளி அது. அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பக்கத்தில் அதே இனம் பெருகிக் கடல் பச்சைநிறமாயிற்று. அங்குள்ள மீனவர் அதனைப் 'பூங்கோரை' என்பர். பெயர் அழகியது, விளைவு அழகியதன்று. மீன்கள் செத்துக் கரையொதுங்கின. சிங்கிள் தீவை அடுத்த பவளப்பாறைகளைத் தூத்துக்குடி ஆய்வாளர் ஆராய்ந்தபோது, நீரிற் பிராணவாயு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. விரைந்து வளரும் பவள இனங்கள் பல மடிந்திருந்தன. அப்பெருக்கத்துக்குப் பருவக்காற்று, நீரோட்டம், வெப்பம் எனக் காரணங்கள் பலவாகலாம். பசளை ஒன்றையே குற்றவாளியாக்குவது நீதியன்று. ஆனால் ஊட்டம் மிகுந்த நீர் இத்தகைய உயிர்களுக்கு விரித்த பாயாக அமைகிறது என்பதில் ஐயமில்லை. மன்னார் வளைகுடாவின் ஒரு கரை தமிழகத்தது, மறுகரை எம்முடையது. கடலுக்கு நடுவே வேலி இல்லை.

உலகப் படத்தை விரித்தால் இதன் பெருமளவு விளங்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு அந்நாட்டின் பெருவயல்களின் பசளையை அள்ளிச் சென்று மெக்சிக்கோ வளைகுடாவிற் கொட்டுகிறது. 1985ஆம் ஆண்டு தொடக்கம் அங்குள்ள இறந்த வலயத்தை ஆய்வாளர் கோடைதோறும் அளந்து வருகின்றனர். 2017இல் அது 22,720 சதுர கிலோமீற்றராக விரிந்தது. இலங்கைத் தீவில் மூன்றில் ஒரு பங்கினும் பெரிது. உலகெங்கும் இத்தகைய இடங்கள் 400க்கு மேல் உள்ளன என 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் கணக்கிட்டனர். போதாக்குறைக்குப் புவி வெப்பமடைவதால், 1960 முதற் கடல் தன் பிராணவாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கை இழந்துவிட்டது. அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் சில நூறு மீற்றர் ஆழத்திற் பிராணவாயு இயற்கையாகவே மிகக் குறைவு. ஏற்கெனவே மெலிந்தவன் தலையில் மேலும் சுமையேற்றுவது போன்றது நாம் செய்வது.

கொட்டியாரக் குடாவும் இவ்வாறு இறந்துபடுமோ என அஞ்சவேண்டியதில்லை. அக்குடாவின் அடியில் ஆழமான கடற்பள்ளத்தாக்கு ஒன்று கரையை நெருங்கி ஓடுகிறது. திறந்த கடல்நீர் அங்கே வந்து கலக்கிறது. மகாவலியின் அணைகளும் மண்ணில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. தேங்கிக் கிடக்கும் களப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆழமற்ற, வாய் குறுகிய களப்புகளே முதலிற் பாதிக்கப்படுவன. இறாலும் இளமீனும் வளரும் தொட்டில்களும் அவையே.

பசளை பகையா?

இத்துணையும் படித்த வாசகர் 'பசளையே வேண்டாம்' என்று முடிவுகட்டிவிடக்கூடும். அது பெரும்பிழை. காற்றிலுள்ள நைதரசனிலிருந்து அமோனியாவை ஆக்கும் வழியை 1909ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பிரிட்ஸ் ஹாபர் காட்டினார்; கார்ல் பொஷ் அதனைப் பெருந்தொழிலாக்க, 1913இல் முதல் ஆலை இயங்கியது. இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அவ்வழியிற் பிறந்த பசளையைச் சார்ந்தது. அதனைத் தீயதென வைதுவிட்டு அதனால் விளைந்த சோற்றை உண்பது அறமாகாது.

இதன் மறுபக்கத்தை எம்மவர் அண்மையில் நேரிற் கண்டனர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு இந்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் அது நீக்கப்பட்டது. அச்சில மாதங்களுள் நெல்லும் தேயிலையும் மரக்கறியும் விளைச்சல் குன்றின. கடன்பட்டு நட்ட உருளைக்கிழங்கு வாடியதைக் கண்டு நின்ற குடும்பங்களுக்கு அந்த நாட்கள் மறக்கற்பாலனவல்ல. ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்பானது நிகழ்ந்தது. கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் 1970கள் முதல் விரிந்த இறந்த வலயம், 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் சோவியத் அணியின் பொருளாதாரம் சரிந்து பசளை வாங்க வழியற்றுப் போனதும் சுருங்கலாயிற்று. கடல் தேறியது, உழவர் வறுமையுற்றனர். கடல் பிழைக்க உழவன் பட்டினி கிடக்கவேண்டும் என்பது ஒரு தீர்வாகாது.

வேறு வழியும் உண்டு. டென்மார்க்கு நாடு 1987ஆம் ஆண்டில் நீர்நிலைகளைக் காக்கும் திட்டமொன்றை வகுத்து, பின்னர் ஒவ்வொரு பண்ணையும் இடும் நைதரசனுக்கு வரவுசெலவுக் கணக்கு வைக்கவேண்டும் என விதித்தது. சில பத்தாண்டுகளிற் கடலைச் சேரும் நைதரசன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, வேளாண்மையும் வீழ்ந்துவிடவில்லை. அந்நாட்டுக் கடல் முற்றும் தேறிற்று என்று சொல்வதற்கில்லை. பழைய கடன் இன்னும் தீரவில்லை. ஆயினும் அளந்து இடுவோன் விளைச்சலை இழப்பதில்லை என்னும் பாடம் அங்கே கிடைத்தது. தடையுமன்று, தாராளமுமன்று, அளவே வேண்டுவது.

நாம் செய்யத்தக்கன

கந்தப்பளை உழவர் அறியாமையாற் பசளையை வாரி இறைக்கிறார் என்று பட்டணத்தார் சொல்வர். நாம் அவ்வாறு கருதவில்லை. அரை ஏக்கர் துண்டைக் குத்தகைக்கு எடுத்து, விதைக்கும் மருந்துக்கும் கடன்பட்டு, சந்தையில் லீக்ஸ் விலை நாளை என்னவாகும் என்று தெரியாது நிற்பவர் அவர். விளைச்சல் ஒருமுறை தவறினாற் குடும்பமே கவிழும். 'குறைந்துவிடுமோ' என்னும் அச்சத்தினால் ஒரு கைப்பிடி கூடுதலாக இடுகிறார். அவ்வச்சத்தைப் போக்குவது பழிச்சொல்லன்று, அறிவு. மண்ணைப் பரிசோதித்தால் எது உளது, எது இலது என்பது தெரியும். பொசுபரசு திரண்டுள்ள நிலத்தில் அதனைக் குறைத்தாலும் கிழங்கு குறையாது. சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் எமக்கு அருகிலேயே இருக்கின்றன. மண்பரிசோதனை உழவரைத் தேடி வயலுக்கு வரவேண்டும். உழவர் ஒருநாட் கூலியை இழந்து அதனைத் தேடிப் போகும் நிலை மாறவேண்டும்.

செலவில்லாத வழிகளும் உள. பசளையை ஒரே முறையிற் கொட்டாது, பயிரின் பருவமறிந்து இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து இடலாம். வானம் கறுத்திருக்கும் நாளில் இடாது விடலாம். பச்சைக் கோழியெருவைக் குவியலாக ஓடைக்கரையில் வையாது, மக்கவைத்து மண்ணோடு கலந்து இடலாம். சரிவுக்கு நேராகப் பாத்தி கட்டாது குறுக்கே கட்டி, வரம்பில் வெட்டிவேரோ வேறு புல்லோ வளர்க்கலாம். ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்தை உழாமல் விடலாம். இவை மண்ணைப் பிடிக்கும். மண்ணைப் பிடித்தாற் பொசுபரசையும் பிடித்ததாகும். ஓடையில் ஓடுவது பசளையன்று, உழவரின் காசு என்று எண்ணினால் இவற்றைச் செய்ய எவரும் வற்புறுத்தவேண்டியதில்லை. தோட்ட நிருவாகங்களும் நகரசபைகளும் விடுதிகளும் தத்தம் கழிவுநீருக்கு வழிசெய்யாது, சிறு உழவரை மட்டும் திருத்தப் புகுவது முறையாகாது.

மாணவருக்கு ஒரு வேலை தருவோம். பெருமழைக்கு மறுநாட் காலையில் உங்கள் ஊர் ஓடையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் நீர் அள்ளி, ஒருநாள் அசையாது வைத்துப் பாருங்கள். அடியிற் படியும் மண்ணை ஓர் அடிக்கோலால் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். பாத்திக்கு மேலே அள்ளிய நீரையும் கீழே அள்ளிய நீரையும் ஒப்பிடுங்கள். புல்வரம்புள்ள தோட்டத்தையும் இல்லாத தோட்டத்தையும் ஒப்பிடுங்கள். ஓராண்டு தவறாது செய்தால், எந்தச் சரிவு எவ்வளவு மண்ணை இழக்கிறது என்பதைத் தந்தையாருக்குக் காட்டச் சான்று உங்கள் கையில் இருக்கும். வீட்டிற் சொல்லும் அறிவுரையினும் போத்தலிற் படிந்த மண் பலமாகப் பேசும்.

மூதூர்க் கரையில் வலையிழுக்கும் மீனவர் கந்தப்பளையைக் கண்டிரார். நாமும் அவரைக் கண்டதில்லை. எனினும் எம் பாத்தியிலிருந்து கழுவுண்டு போவது அவர் வாசலுக்கே போகிறது. அவர் வலையில் வீழ்வது எம் வீட்டு உலைக்கு வருகிறது. ஒரே ஆற்றின் இரு நுனியில் வாழ்வோர் அயலவரே. அடுத்த முறை பசளைப் பையைத் திறக்கும்போது, பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருகணம் நின்று அளந்து இடுவோமாயின், பை சற்று மெதுவாகக் காலியாகும், பணமும் மிஞ்சும், பேராற்றின் மறுமுனையில் ஒரு மீன் மூச்சுவிடும்.